கமாண்டு ஓடவில்லையா? மறுப்பது யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

லினக்ஸ் முனையத்தில் ஒரு கமாண்டு ஓடாமல் நின்றால், பெரும்பாலானோர் பிழைச்செய்தியின் கடைசிச் சொற்களை மட்டும் படிக்கிறார்கள். ‘பெர்மிஷன் டினைட்’ என்று கண்ணில் பட்டதும் முன்னால் சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் கமாண்டு) சேர்க்கிறார்கள். ‘நாட் ஃபவுண்ட்’ என்றால் மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். அதிலும் தீரவில்லை என்றால் 777 என்று எல்லோருக்கும் எல்லா அனுமதியையும் திறந்துவிடுகிறார்கள். பிரச்சினை எங்கே இருக்கிறது என்ற தகவல் அந்த வரியின் தொடக்கத்தில் இருக்கிறது. முக்காற்புள்ளிக்கு முன்னால் வரும் பெயர்தான் பேசுகிறவர் பெயர். ‘பாஷ்:’ என்று தொடங்கினால் மறுப்பது ஷெல், அதாவது நீங்கள் அடிப்பதை வாங்கிக் கமாண்டுகளை ஓட்டும் நிரல். நீங்கள் கேட்ட கமாண்டு இன்னும் தொடங்கவே இல்லை. ‘கிரெப்:’ என்று தொடங்கினால் கிரெப் (கோப்பில் சொல் தேடும் கமாண்டு) ஒழுங்காகவே எழுந்து ஓடியிருக்கிறது. அதற்குக் கொடுத்த கோப்பிலோ ஆப்ஷனிலோதான் கோளாறு. இந்த ஒரு பிரிவினையைச் செய்துவிட்டாலே பாதி வேலை குறைந்துவிடும்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சிறு அலுவலகங்களின் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொடுப்பது என் தொழில். கணக்கர் அலுவலகம், டிராவல்ஸ், ஷூ அப்பர் தைக்கும் யூனிட், கல்லூரி மாணவர்களின் லேப்டாப் என்று எல்லாம் வரும். அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் பாஸ் லினக்ஸைப் பார்த்துப் பழகி, அதையே இன்னும் வைத்திருப்பவர்களும் உண்டு. அது டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. அதனால் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் சொல்வதெல்லாம் அதற்கும் ஏறக்குறைய பொருந்தும்.

கமாண்டுகளை வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களைத் தனியாகச் சொல்கிறேன். கோடு, புள்ளி, சாய்வுக்கோடு, டாலர் குறி எல்லாம் எழுதியிருக்கிறபடியே.

எதையும் மாற்றுவதற்கு முன்

செய்தியை முழுவதுமாக ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். அடுத்து, கமாண்டு தோற்ற கையோடு, வேறு எதையும் அடிக்காமல் இதை அடியுங்கள்:

எக்கோ $?

வருவது வெளியேற்ற எண். 0 என்றால் கமாண்டு தன் கணக்கில் வெற்றிதான். நீங்கள் எதிர்பார்த்தது வேறு என்று பொருள். 127 என்றால் ஷெல் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தது, ஆனால் ஓட்ட முடியவில்லை. 128க்கு மேல் வந்தால் அதிலிருந்து 128ஐக் கழியுங்கள். மிச்சம் இருப்பது கமாண்டை நிறுத்திய சிக்னலின் எண். 137 என்றால் 9, அதாவது யாரோ கட்டாயமாகக் கொன்றிருக்கிறார்கள். ரேம் தீர்ந்து, இயங்குதளத்தின் மையமான கர்னலே கொல்லும்போது இதுதான் வரும். 139 என்றால் 11, செக்மென்டேஷன் ஃபால்ட். 1, 2 போன்ற சிறிய எண்களுக்கு அந்தந்தக் கமாண்டின் மேன் பக்கம் என்ற கையேட்டில்தான் அர்த்தம். கிரெப் 1 என்று முடித்தால் தேடிய சொல் இல்லை என்று மட்டுமே பொருள். அது பிழையே அல்ல.

முனையம் தமிழில் பேசும்படி வைத்திருந்தால், தேடுவதற்கு வசதியாகச் செய்தியை ஆங்கிலத்தில் வரவழைத்துக்கொள்ளலாம்:

எல்சி_ஆல்=சி எல்எஸ் /இல்லாதது

‘எல்சி_ஆல்’, அதற்குப் பின் வரும் ‘சி’ இரண்டும் பெரிய எழுத்து. அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் மொழி மாறும்.

‘நேத்து வரைக்கும் ஓடிச்சு’ என்று சொல்பவர்களை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது, அதை இயந்திரமே எழுதி வைத்திருக்கும். டெபியன் குடும்பத்தில் /வார்/லாக்/ஆப்ட்/ அடைவில் (ஃபோல்டரில்) ஹிஸ்டரி.லாக் என்ற கோப்பைத் திறந்தால் எந்தத் தேதியில் எந்தப் பேக்கேஜ் ஏறியது, எது கழன்றது என்று வரிசையாக இருக்கும். தானாக ஓடிய அப்டேட்டும் அதில் பதிவாகும்.

எந்தக் கமாண்டைத்தான் ஓட்டுகிறீர்கள்?

ஒரே பெயரில் இரண்டு மூன்று கமாண்டுகள் இருப்பது சாதாரணம். ஷெல் எதை எடுக்கிறது என்று கேட்க:

டைப் -ஏ எல்எஸ்

இது அலியாஸ் (கமாண்டுக்கு நாம் வைத்த மாற்றுப்பெயர்), ஃபங்ஷன், ஷெல்லோடு பிறந்தவை, வட்டில் இருக்கும் கோப்பு எல்லாவற்றையும் முன்னுரிமைப்படி காட்டும். ‘விச்’ வட்டில் இருப்பதை மட்டும் தேடும். அலியாஸ் குறுக்கே நிற்பது அதற்குத் தெரியாது. அதனால் எப்போதும் டைப்பையே கேளுங்கள். அலியாஸ்தான் காரணம் என்று சந்தேகம் வந்தால் பெயருக்கு முன் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டு அடித்துப் பாருங்கள். அலியாஸைத் தாண்டிப் போகும்.

கமாண்டை ஒரு அடைவிலிருந்து நீக்கி வேறு அடைவில் போட்ட பிறகு, பழைய இடத்தைச் சொல்லி ‘நோ சச் ஃபைல்’ என்று வந்தால், பாஷ் பழைய பாதையை ஞாபகம் வைத்திருக்கிறது. ‘ஹாஷ் -ஆர்’ அடித்தால் மறந்துவிடும்.

எல்லாக் கமாண்டுமே ஒரேயடியாக ‘நாட் ஃபவுண்ட்’ என்றால் கை வைக்க வேண்டிய இடம் பாத் மாறி, அதாவது கமாண்டுகளை எந்த அடைவுகளில் தேட வேண்டும் என்று ஷெல்லுக்குச் சொல்லும் பட்டியல். ஜாவாவோ ஆண்ட்ராய்டு கருவிகளோ ஏற்றும் மாணவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். முனையம் திறக்கும்போது பாஷ் படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் புதிய அடைவைச் சேர்க்கும்போது பழைய பாத்தைச் சேர்க்காமல் விட்டால், ஷெல்லுக்கு அந்த ஒரு அடைவு மட்டும்தான் தெரியும். பயப்பட வேண்டாம். கமாண்டுகள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. இந்தச் சாளரத்துக்கு மட்டும் இப்படி மீட்டுக்கொள்ளுங்கள்:

பாத்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/பின்:/பின்:/யூஎஸ்ஆர்/எஸ்பின்:/எஸ்பின்

பாத் பெரிய எழுத்து. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. பிறகு பாஷ்ஆர்சியைத் திறந்து அந்த வரியின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளியும் $பாத்தும் சேருங்கள்.

டெபியன் 10 முதல் இன்னொரு மாற்றம். வெறும் ‘எஸ்யூ’ போட்டு ரூட்டாக (நிர்வாகியாக) மாறினால் ரூட்டின் பாத் வருவதில்லை. எஸ்பின் அடைவில் இருக்கும் யூசர்மாட் போன்றவை ‘நாட் ஃபவுண்ட்’ ஆகும். ‘எஸ்யூ -’ என்று கோடு சேர்த்து அடித்தால் சரி. பழைய லேப் கையேட்டைப் பார்த்து ‘பைத்தான்’ என்று அடித்துக் கிடைக்காதவர்கள் ‘பைத்தான்3’ என்று அடிக்க வேண்டும். ‘இஃப்கான்ஃபிக்’ இல்லாவிட்டால் ‘ஐபி ஏ’ போதும்.

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனாலும் ‘இல்லை’ என்கிறது

புதியவர்களை மிகவும் குழப்புவது இதுதான். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் ஸ்கிரிப்ட் (கமாண்டுகளை எழுதி வைத்த கோப்பு) தெரிகிறது. ஓட்டினால் ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’. காரணம் புரிய வேண்டுமென்றால் ஒரு விஷயம் தெரிய வேண்டும். கர்னல் பிழையை வாக்கியமாகச் சொல்வதில்லை. ஒரு எண்ணைத்தான் திருப்பித் தருகிறது. கோப்பு இல்லை என்றால் 2, அனுமதி இல்லை என்றால் 13, வட்டில் இடம் இல்லை என்றால் 28. அந்த எண்ணுக்கு ஏற்கெனவே எழுதி வைத்த வாக்கியம் திரையில் வருகிறது. எந்தக் கோப்பு இல்லை என்று அந்த எண்ணில் தகவலே இல்லை. ஷெல் தனக்குத் தெரிந்த ஒரே பெயரை, அதாவது நீங்கள் அடித்த பெயரை, பக்கத்தில் ஒட்டிக் காட்டுகிறது.

உண்மையில் இல்லாதது உங்கள் ஸ்கிரிப்ட் அல்ல, அதை ஓட்ட வேண்டிய நிரல். ஸ்கிரிப்டின் முதல் வரியில் #! என்று தொடங்கி ஒரு பாதை இருக்கும். அந்தப் பாதையில் எதுவும் இல்லாவிட்டால் கர்னல் 2 என்கிறது. பாஷின் புதிய பதிப்புகளில் ‘ரிக்வயர்டு ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று கொஞ்சம் தெளிவாக வருகிறது. ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்று வந்தாலும் இதே கதைதான்.

பாதை சரியாகவே இருக்கிறது என்று தோன்றினால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைத் தேடுங்கள்:

ஹெட் -1 கூலி.எஸ்எச் | கேட் -ஏ

கூலி.எஸ்எச் என்பது உதாரண ஸ்கிரிப்ட். இங்கே ‘ஏ’ பெரிய எழுத்து. வரி முடிவில் டாலர் குறி மட்டும் இருந்தால் நல்லது. டாலருக்கு முன் ஒரு கூரைக்குறியும் பெரிய எம்மும் இருந்தால், கோப்பு விண்டோஸில் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மிகை எழுத்து ஒட்டியிருக்கிறது. கர்னல் ‘/பின்/பாஷ்’ என்பதற்குப் பதில் அந்த மிகை எழுத்தோடு சேர்ந்த பெயரைத் தேடுகிறது. ‘டாஸ்2யூனிக்ஸ் கூலி.எஸ்எச்’ என்று ஒரு தடவை ஓட்டினால் போய்விடும். வரியின் தொடக்கத்தில், #! குறிக்கு முன்பே ஏதாவது இருந்தால், விண்டோஸ் நோட்பேடில் சேமித்தபோது சேர்ந்த மூன்று பைட் அடையாளம் அது. அதையும் அதே கமாண்டு எடுத்துவிடும்.

ஸ்கிரிப்டாக இல்லாமல் தொகுக்கப்பட்ட நிரலாக இருந்தால் ‘ஃபைல்’ என்ற கமாண்டைக் கேளுங்கள். பழைய கைரேகை வருகைப்பதிவுக் கருவிகளோடு வந்த நிரல்கள் பல 32 பிட். 64 பிட் மட்டும் உள்ள கணினியில் அவற்றை ஏற்றிவிடும் லோடர் இருக்காது. அப்போதும் ‘நோ சச் ஃபைல்’ என்றுதான் வரும். 32 பிட் லிப்சி பேக்கேஜை ஏற்றினால் எழுந்துகொள்ளும். ராஸ்ப்பெரி பை போன்ற ஆர்ம் பலகையில் இன்டெல் நிரலை ஓட்டினால் மட்டும் செய்தி வேறு: ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’. அதற்கு மருந்து கிடையாது, சரியான பதிப்பைத்தான் இறக்க வேண்டும்.

அனுமதி

‘எல்எஸ் -எல்’ அடித்து எக்ஸ் (ஓட்டும் அனுமதி) இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு கோப்பைத் தொட, அதற்கு மேலே இருக்கும் ஒவ்வொரு அடைவிலும் எக்ஸ் அனுமதி வேண்டும். மொத்தப் பாதையையும் படிப்படியாகக் காட்ட:

நேம்ஐ -எல் /ஹோம்/கணக்கு/பணி/கூலி.எஸ்எச்

எந்தப் படியில் எக்ஸ் இல்லையோ அங்கேதான் தடை. எல்லாப் படியிலும் இருந்தும் மறுத்தால், அந்த வட்டு எப்படி மவுன்ட் ஆகியிருக்கிறது (கணினியோடு இணைக்கப்பட்டிருக்கிறது) என்று பாருங்கள். ‘ஃபைண்ட்எம்என்டி -டி’ என்று அடித்து (டி பெரிய எழுத்து) பாதையைக் கொடுங்கள். ஆப்ஷன்களில் ‘நோஎக்ஸெக்’ என்று இருந்தால் அந்த வட்டிலிருந்து எதையும் நேராக ஓட்ட முடியாது. ஸ்கிரிப்டை ஹோம் அடைவுக்கு நகலெடுத்து ஓட்டுங்கள்.

சூடோ போட்டும் ‘பெர்மிஷன் டினைட்’ வரும் ஒரு சூழ்நிலை உண்டு. ‘சூடோ எக்கோ’ என்று தொடங்கி, > குறி போட்டு /இடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்புக்குத் திருப்பினால் மறுக்கும். வரியின் முதல் சொல்லைப் பாருங்கள்: ‘பாஷ்:’ என்றுதான் இருக்கும், ‘எக்கோ:’ என்று இருக்காது. > குறியைக் கவனித்துக் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல், அதற்கு ரூட் அதிகாரம் இல்லை. எக்கோவின் வெளியீட்டைக் குழாய் (| குறி) வழியாக ‘சூடோ டீ -ஏ’ கமாண்டுக்கு அனுப்பினால் எழுதும். -ஏ விட்டுவிட்டால் பழைய உள்ளடக்கம் அழிந்துபோகும், கவனம்.

777 பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அது காரணத்தை மறைக்கும். சம்பளக் கோப்பை அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் திருத்தும்படி திறந்துவைக்கும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள்

இதைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை, நம் ஊர் அலுவலகங்களிலோ கோப்புப் பெயர்கள் பெரும்பாலும் தமிழில்தான். தமிழில் பெயர் வைப்பது தவறே அல்ல, வைக்கவும் வேண்டும். அதன் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் போதும்.

எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். ‘தொழிலாளர்’ என்ற சொல்லில் த, ொ, ழ, ி, ல, ா, ள, ர, புள்ளி என்று ஒன்பது குறிகள். ஆக 27 பைட். எக்ஸ்ட்4 வடிவ வட்டில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் அது 85 குறிகள் மட்டுமே. தேதி, ஊர், யூனிட் பெயர் எல்லாம் சேர்த்து நீளமாக வைத்தால் ‘ஃபைல் நேம் டூ லாங்’ வருவது இதனால்தான்.

இன்னும் கடினமானது, பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பெயர்கள். ‘தொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாக ஒன்று. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக இன்னொன்று. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. பைட் கணக்கில் முதலாவது 27, இரண்டாவது 30. லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். ஒரு கணினியில் ஒரு விசைப்பலகையில் வைத்த பெயரை வேறொன்றில் அடித்துத் திறந்தால் ‘கேட்: தொழிலாளர்: நோ சச் ஃபைல்’ என்று வரும். எல்எஸ் அடித்தால் கோப்பு கண்முன் நிற்கும். உறுதி செய்ய:

எல்எஸ் | ஓடி -சி

ஒரே குறியாக இருந்தால் த எழுத்தின் மூன்று எண்களுக்குப் பின் 340 257 212 என்று வரும். பிரிந்து இருந்தால் 340 257 206, அதைத் தொடர்ந்து 340 256 276. உடனடியாகத் திறக்க வேண்டுமென்றால் பெயரை அடிக்காமல் முதல் எழுத்தை மட்டும் அடித்து டேப் விசையை அழுத்துங்கள். வட்டில் இருக்கிற பைட்டுகளையே ஷெல் நிரப்பிக்கொள்ளும். அடைவு முழுவதையும் ஒரே முறைக்குக் கொண்டுவர ‘கான்வ்எம்வி’ என்ற கருவி இருக்கிறது:

கான்வ்எம்வி -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி -ஆர் அடைவு

இப்படி ஓட்டினால் எதை மாற்றப்போகிறது என்று மட்டும் காட்டும். பட்டியலைப் படித்துத் திருப்தியானால் ‘--நோடெஸ்ட்’ சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

அந்தக் கருவியாலும் முடியாத ஒன்று ஔகாரக் குறி. திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிதோறும் வண்டி விடும் ஒரு டிராவல்ஸில் ‘பௌர்ணமி’ அடைவு இரண்டாக இருந்தது. ஒன்றில் முறையான ஔகாரக் குறி. இன்னொன்றில் ப, ஒற்றைக்கொம்பு, பிறகு ‘ள’ என்ற முழு எழுத்து. இரண்டாவது எழுத்துப்பிழைதான், அதனால் எந்த ஒழுங்குபடுத்தும் கருவியும் அதைத் தொடாது. கையால்தான் பெயர் மாற்ற வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த கமாண்டை நகலெடுத்து ஒட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். கைபேசி விசைப்பலகையும் வேர்டும் நேரான மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும், இரட்டைக் கோட்டை ஒரு நீளக் கோடாகவும் மாற்றிவிடும். ஷெல்லுக்கு அவை வெறும் எழுத்துகள். ஒட்டிய வரியைக் கேட் -ஏ (ஏ பெரிய எழுத்து) வழியாகச் செலுத்திப் பாருங்கள். நீளக் கோடு இருந்த இடத்தில் பெரிய எம்மும் கோடுமாக ஒரு கூட்டம் தெரியும். அந்த எழுத்துகளை அழித்துக் கையால் அடிப்பதே விரைவான வழி.

கையால் ஓடுகிறது, இரவில் ஓடவில்லை

ஆம்பூரில் ஒரு ஷூ அப்பர் யூனிட். நாள் முழுக்கத் தைத்த ஜோடிக் கணக்கை வைத்து இரவு 11 மணிக்குக் கூலிப் பட்டியல் தயாராக வேண்டும். சூப்பர்வைசர் தம்பி போனில், “ணா, கையால போட்டா வருது. ராத்திரி மட்டும் ஷீட்டு வர்ல ணா. ரீஸ்டார்ட் பண்ட்டா?” என்றார். “எதையும் தொடாத தம்பி, அப்படியே இருக்கட்டும். சிஸ்லாக்ல ராத்திரி பதினோரு மணி வரிய மட்டும் படம் புடிச்சு அனுப்பு” என்றேன்.

படத்தில் பதில் இருந்தது. க்ரான் (குறித்த நேரத்தில் கமாண்டுகளைத் தானாக ஓட்டும் நிரல்) ஓட்டியதாகப் பதிந்த வரி ‘டேட் +’ என்ற இடத்தில் முறிந்து நின்றது. அந்த வேலைகளை எழுதி வைக்கும் க்ரான்டேப் கோப்பில் சதவீதக் குறிக்குத் தனி அர்த்தம் உண்டு: வரி அங்கே முடிகிறது, மிச்சம் எல்லாம் கமாண்டுக்கு உள்ளீடாகப் போகும். தேதியைப் பெயரில் சேர்க்க டேட் கமாண்டுக்குச் சதவீதக் குறி கொடுத்திருந்தார்கள். முனையத்தில் அதற்கு எந்தத் தடையும் இல்லை, க்ரானில் வெட்டிவிடும். பிழைச்செய்தி ஏன் எங்கும் கிடைக்கவில்லை? லாக் கோப்புக்குத் திருப்பும் பகுதியும் அந்தக் குறிக்குப் பின்னால்தான் இருந்தது. அதுவும் சேர்ந்து வெட்டுப்பட்டது. க்ரான் தன் செய்தியை உள்ளூர் மெயிலில் அனுப்பப் பார்க்கும். மெயில் நிரல் ஏற்றாத கணினியில் அது வீசி எறியப்படும்.

சதவீதக் குறிக்கு முன் பின்சாய்வுக்கோடு போட்டால் சரியாகும். நான் அப்படிச் செய்வதில்லை. எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதி, க்ரான்டேப்பில் அதன் முழுப் பாதையும் லாக் கோப்பும் மட்டும் வைக்கிறேன்:

0 23 * * * /ஹோம்/கணக்கு/பணி/கூலி.எஸ்எச் >> /ஹோம்/கணக்கு/பணி/லாக் 2>&1

அதோடு முடியவில்லை. க்ரான் கொடுக்கும் சூழல் உங்கள் முனையம் கொடுப்பது அல்ல. பாத் பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டும்; பாஷ்ஆர்சி படிக்கப்படாது; க்ரான்டேப் வரியை ஓட்டுவது /பின்/எஸ்எச், டெபியனிலும் உபுண்டுவிலும் அது பாஷ் அல்ல, டாஷ். இரட்டைச் சதுர அடைப்புக்குறி போன்ற பாஷ் வசதிகள் அதற்குத் தெரியாது. ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வரியில் /பின்/பாஷ் என்று தெளிவாக எழுதுங்கள். மொழி அமைப்பைச் சொல்லும் ‘லாங்’ மாறியும் (பெரிய எழுத்து) வராமல் போகலாம். அப்போது தமிழ்ப் பெயர்க் கோப்பு திறப்பதில் சிக்கல் இருக்காது. எழுத்துகளை எண்ணுவதும், வரிசைப்படுத்துவதும் மாறிப்போகும். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே பாத், லாங் இரண்டையும் எழுதி வைத்துவிடுவது நல்லது.

இரவு வரை காத்திருக்காமல் அதே வெறும் சூழலில் இப்போதே ஓட்டிப் பார்க்க:

என்வ் -ஐ ஹோம்=/ஹோம்/கணக்கு பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின் /பின்/எஸ்எச் -சி '/ஹோம்/கணக்கு/பணி/கூலி.எஸ்எச்'

சமக்குறிக்கு முன் வரும் ஹோமும் பாத்தும் பெரிய எழுத்து. இங்கே தோற்பது இரவிலும் தோற்கும்.

கமாண்டு எழுகிறது, உடனே விழுகிறது

‘ஷேர்டு லைப்ரரி’ (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக்கோப்பு) ஏதோ ஒன்றைத் திறக்க முடியவில்லை என்று வந்தால் ‘எல்டிடி’ போட்டு கமாண்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். ‘நாட் ஃபவுண்ட்’ என்று காட்டும் லைப்ரரி எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று பார்த்து ஏற்றுங்கள். எங்கிருந்தோ இறக்கிய, நம்பிக்கையில்லாத நிரலுக்கு எல்டிடி போடக் கூடாது. அது சில வேளை நிரலையே ஓட்டிவிடக்கூடும்.

வட்டு நிரம்பியிருந்தால் தொடர்பே இல்லாத கமாண்டுகளும் விழும். டேப் விசைகூட ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’ என்று கத்தும். ‘டிஎஃப் -எச்’ இடத்தைக் காட்டும். அதில் இடம் மிச்சம் இருந்தும் இதே பிழை வந்தால் ‘டிஎஃப் -ஐ’ அடியுங்கள். சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் ஒன்று வேண்டிய பதிவிடம்) தீர்ந்திருக்கும். ரூட்டுக்கு மட்டும் ஓடுகிறது, மற்றவர்களுக்கு ஓடவில்லை என்றாலும் இதைச் சந்தேகியுங்கள். எக்ஸ்ட்4 வட்டை உருவாக்கும்போது வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கும்.

மின்சாரம் திடீரென்று போய் வந்த பிறகு ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வந்தால், கோப்பமைப்பில் பிழை கண்டு கர்னல் எழுதுவதை நிறுத்திவிட்டது. மறுபடி எழுதும்படி மவுன்ட் செய்ய அவசரப்படாதீர்கள். கர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிஎம்இஎஸ்ஜி’யின் கடைசி வரிகளைப் படியுங்கள். ஐ/ஓ எரர் இருந்தால் வட்டே சாகிறது. முதல் வேலை முக்கியக் கோப்புகளை வெளியே எடுப்பது, பழுதுபார்ப்பது அதன் பிறகு. வெவ்வேறு கமாண்டுகள் காரணமில்லாமல் செக்மென்டேஷன் ஃபால்ட் ஆவது ரேம் கோளாறாக இருக்கலாம். வேலூர்க் கத்திரி வெயிலில், விசிறி அடைத்த பெட்டியில் இது மதியத்தில் மட்டும் தலைகாட்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு முழுச் சுற்று ஓட்டாமல் சாஃப்ட்வேரைக் குறை சொல்லாதீர்கள்.

இவை எதிலும் பிடிபடவில்லை என்றால் எஸ்ட்ரேஸ். கமாண்டு கர்னலிடம் கேட்கும் ஒவ்வொன்றையும், கிடைத்த பதிலையும் எழுதித் தரும்:

எஸ்ட்ரேஸ் -எஃப் -ஓ /டிஎம்பி/தடம் -இ ட்ரேஸ்=ஃபைல் கமாண்டு

தடம் கோப்பை அடியிலிருந்து மேலாகப் படியுங்கள். கமாண்டு கைவிடுவதற்குச் சற்று முன் எந்தக் கோப்பைத் திறக்கப் பார்த்து ‘நோ சச் ஃபைல்’ அல்லது ‘பெர்மிஷன் டினைட்’ வாங்கியது என்று பாருங்கள். மேலே பல ‘இல்லை’கள் இருக்கும், லைப்ரரிகளை ஒவ்வொரு அடைவாகத் தேடுவதால் வருபவை அவை, விட்டுவிடலாம்.

அடிப்படைக் கமாண்டே உடைந்தால்

எல்எஸ், அனுமதியை மாற்றும் சிஎச்மாட் போன்றவை எந்தப் பேக்கேஜ் என்று ‘டிபிகேஜி -எஸ்’ (எஸ் பெரிய எழுத்து) சொல்லும். இவை இரண்டும் கோர்யூட்டில்ஸ். ‘டிபிகேஜி -வி கோர்யூட்டில்ஸ்’ (வி பெரிய எழுத்து) ஒன்றும் சொல்லாமல் முடிந்தால் கோப்புகள் ஏற்றியபோது இருந்தபடியே இருக்கின்றன. ஏதாவது கோப்புக்கு நேரே 5 என்று காட்டினால் உள்ளடக்கம் மாறியிருக்கிறது. அப்போது மட்டும்தான் மறு இன்ஸ்டாலுக்கு அர்த்தம் உண்டு:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் கோர்யூட்டில்ஸ்

அது நடக்கும் வரை திறந்திருக்கும் ரூட் முனையத்தை மூடவே மூடாதீர்கள். மூடினால் மறுபடி உள்ளே வர முடியாமல் போகலாம். ஷெல்லோடு பிறந்தவை அப்போதும் வேலை செய்யும்: எல்எஸ் இல்லாவிட்டால் ‘எக்கோ *’ கோப்புப் பெயர்களைக் காட்டும், சிடி நகர்த்தும். பிஸிபாக்ஸ் ஏற்றியிருந்தால் ‘பிஸிபாக்ஸ் எல்எஸ்’, ‘பிஸிபாக்ஸ் சிபி’ என்று எல்லாம் அதற்குள் உண்டு.

சிஎச்மாட்டுக்கே எக்ஸ் அனுமதி பறிபோனால் எதைக் கொண்டு அதைத் திருப்பிக் கொடுப்பது? பைத்தானிடம் கேளுங்கள்:

சூடோ பைத்தான்3 -சி 'இம்போர்ட் ஓஎஸ்; ஓஎஸ்.சிஎச்மாட்("/யூஎஸ்ஆர்/பின்/சிஎச்மாட்", 0ஓ755)'

755க்கு முன் இருப்பது சுழியமும் ஆங்கில ஓவும். பைத்தானும் இல்லாத கணினியில், ஓட்டும் அனுமதி உள்ள வேறொரு கமாண்டை நகலெடுத்து, அதன் மேல் சிஎச்மாட்டின் உள்ளடக்கத்தைக் கேட் கொண்டு > குறியால் எழுதுங்கள். > குறி உள்ளடக்கத்தை மட்டும் மாற்றும், அனுமதியைத் தொடாது. அந்த நகல் ஒரு முழு சிஎச்மாட்டாக வேலை செய்யும்.

சரியான பின் சோதிக்க வேண்டியது, தோற்ற அதே பயனராக, அதே அடைவில், அதே வழியில். ரூட்டாக ஓடியது கணக்கில் வராது. க்ரான் வேலையாக இருந்தால் மறுநாள் காலை லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். பிறகு ஒரு தடவை கணினியை முழுவதுமாக நிறுத்தித் தொடங்கி, இன்னொரு முறை ஓட்டுங்கள். இந்த முனையத்தில் மட்டும் கொடுத்த பாத், கையால் செய்த மவுன்ட் எல்லாம் அடுத்த மின்வெட்டில் போய்விடும். அவற்றைக் கோப்பில் எழுதினோமா என்பது அப்போது தெரிந்துவிடும்.